முதல் வரி

"யோகமக்கா, உங்கட மனுசன் உந்தப் பாட்டெல்லாம் எங்கை பழகினவர்? வாசல் வரைக்கும் கேக்குது!"

மோர்னிங்சைட் கொம்யூனிற்றி சென்ரருக்கு நடைபழகப் போன பக்கத்து வீட்டு ஏஞ்சலா போனில் சொன்னதும், யோகமலரின் கை அகப்பையோடு அப்படியே நின்றது.

ஸ்ரோக் வந்து ஒரு பக்கம் இழுத்த நாளிலிருந்து மனுசன் நவரட்ணத்தின் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. 'ஆ... ஆ...' அவ்வளவுதான். முந்தி என்றால், "யோகம், தேத்தண்ணி! யோகம், ரிமோட் எங்கை?" என்று நாள் முழுக்க ஒரே அதட்டல். "வாயை மூடுங்கோவன்" என்று எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பாள்! இப்போது அந்த அதட்டலில் ஒன்றாவது வராதா என்று அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்த மனுசன் பாடுகிறாராம். வியாழக்கிழமைகளில் மகன் கொண்டுபோய் இறக்கிவிடுவது உடற்பயிற்சிக்கு என்றல்லவா நினைத்திருந்தாள்!

"ஊருக்குப் பாட வாய் வருது. எனக்கு ஒரு சொல் சொல்ல வராதோ?"

வீட்டு உடுப்புக்கு மேலேயே ஜாக்கெட்டைக் கொளுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சென்ரரில் கதவைத் திறந்தால், வயசுபோனதுகள் ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்து தொடையில் தட்டித் தட்டிப் பாடுதுகள். நடுவில் துர்க்கா, ஆஸ்பத்திரியில் கண்ட, மூளை ஆராய்ச்சி செய்கிற பெடிச்சி. நவரட்ணமோ தலையை ஆட்டி ஆட்டி, ஒரு வரி தப்பாமல்!

"பிள்ளை, உவருக்குக் கதைக்க வருமெண்டால் என்னட்டை ஏன் மறைச்சனீர்?"

"சொரி அன்ரி, கதைக்க வராது. மூளையிலை கதைக்கிற ரோட் குளோஸ். பாட்டுக்கு வேற ரோட் இருக்கு. அதாலை ஒண்டு ரெண்டு சொல்லை மெட்டிலை ஏத்திக் கொண்டுவரப் பாக்கிறம்."

"அப்ப வீட்டிலை ஏன் பாடேல்லை?"

"ஆராவது கூட இருந்து கையைத் தட்டித் தொடக்கிவிட வேணும். உங்களுக்குச் சொல்லவோ எண்டு கேட்டன். அங்கிள் வாயிலை விரலை வைச்சிட்டார்."

"ஓ, களவு வேறை!"

துர்க்கா சிரித்தாள். "முதல்முதலா என்ன சொல்ல ஆசை எண்டு எல்லாரையும் கேட்டனாங்கள். அங்கிள்ட வரியைக் கண்டுபிடிக்கவே மூண்டு கிழமை போச்சு. படம் படமாக் காட்டினன். எல்லாத்துக்கும் இல்லையெண்டு தலையை ஆட்டிப்போட்டு, கடைசியா ஒண்டிலை கையை வைச்சார்."

"வேறென்ன, தேத்தண்ணிப் படமாயிருக்கும்."

சொல்லிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்தாள். தேத்தண்ணி என்றாலும் பரவாயில்லை. அதட்டினாலும் பரவாயில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே காணும்.

துர்க்கா நவரட்ணத்தின் இடக்கையைப் பிடித்து மெல்லத் தட்டினாள். அவருடைய உதடு கோணியது. தொண்டை ஏறி இறங்கியது.

"யோ... கம்..." பிள்ளையை நித்திரையாக்குகிற மாதிரி ஒரு மெட்டு. "யோகம்... நீர்... சாப்... பிட்டீரோ?"



வாய் நன்றாக இருந்த காலத்தில் அந்த மனுசன் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.