முப்பத்தோரு தடவை பார்த்தவர்

"இன்னாய்யா யூசுப்பு, ஆர்மோனியத்தையே காணோம்? கனகவேணி கிட்டார் சத்தத்துக்கு அழுதுகினு கீறா!"

பூந்தமல்லி தியேட்டரில் பகல் காட்சி. படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் கஜபதிக்குப் பொறுமை போய்விட்டது.

"மெதுவாப் பேசு மாமே, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க" என்றார் யூசுப். இருவரும் ஆவடியில் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

"பாக்கட்டும். தெரிஞ்சவன் சொன்னாத்தானே தெரியாதவனுக்குத் தெரியும்?"

'கனகவேணி' இசை நாடகத்தை ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் என்று எங்கே போட்டாலும் ஓடிப்போய், முப்பத்தோரு தடவை பார்த்தவர் கஜபதி. பாட்டு வரிசை, வசனம், எந்த ஊரில் ராஜாவின் மீசை கழன்று விழுந்தது என்பது வரை மனப்பாடம். குவார்ட்டர்ஸ் பக்கம் போய்க் 'கனகவேணி கஜபதி' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பாவம், வாழ்க்கையில் அவருக்கென்று கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

இப்போது அந்த நாடகத்தைச் சினிமாவாக எடுத்துவிட்டார்கள். நேற்றுப் படம் பார்த்த பொடிசுகள் எல்லாம் கனகவேணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அவரை யார் மதிப்பார்கள்? அந்தப் பயத்தில் அவர் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வாசலில் யூடியூப்காரர்கள் மைக்கோடு நிற்பார்கள், படத்தை நார் நாராகக் கிழித்துவிடுவது என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ராஜாவைப் பாருய்யா, ஜிம்லேருந்து நேரா வந்தாப்ல கீறான். நாடகத்துல ராஜாவுக்கு இம்மாந்தொப்பை இருக்கும். அவன் ராஜா!"

கஜபதியின் இன்னொரு பக்கம், மூக்குக்கண்ணாடி போட்ட வயதான அம்மாள் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். யூசுப் காதைப் பொத்திக்கொண்டதும் பாடம் அந்தப் பக்கம் திரும்பியது.

"உங்களுக்குத் தெரியாதும்மா. இந்த நந்தவனப் பாட்டு நாடகத்துல கால் மணி நேரம் வரும். மூணு தடவை ஒன்ஸ்மோர் கேப்போம். இவன் ரெண்டு நிமிசத்துல முடிச்சுட்டு எல்லாரையும் ஆட உட்டுட்டான்."

"அப்படிங்களா" என்றார் அந்த அம்மாள். 

ஒரு வழியாகக் கல்யாணக் காட்சி வந்தது. கனகவேணி கழுத்தில் ராஜா தாலி கட்டினான். மங்களம் பாட ஆரம்பித்தார்கள். கஜபதியும் யூசுப்பும் சட்டென்று எழுந்து, இருட்டில் காலால் செருப்பைத் துழாவினார்கள்.

"பெருசு, உக்காரு! படம் இன்னும் முடியல!" என்று பின்வரிசை கத்தியது.

"மங்களம் பாடியாச்சு, இனிமே இன்னா கீது?"

இருந்தது. கிழிந்த புடவையோடு ஒரு கிழவி கல்யாண வாசலில் வந்து நின்றாள். கனகவேணியைப் பெற்ற தாய். ராஜா அவளை வெளியே தள்ளச் சொன்னான். அவள் மகளைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடிவிட்டு வாசற்படியிலேயே விழுந்து செத்தாள். கனகவேணி மாலையைக் கழற்றி ராஜா முகத்தில் வீசிவிட்டு, தாயை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தியேட்டர் முழுவதும் மூக்கை உறிஞ்சியது.

கஜபதிக்கு ரத்தம் கொதித்தது. திரும்பிப் பார்த்தால், பக்கத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேம்பிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போய் அழுவாதம்மா. அத்தினியும் டூப்பு. நாடகத்துல அம்மாவே கெடையாது!"

வாசலில் பவித்ரா என்ற பெண் மைக்கோடு நின்றிருந்தாள். கஜபதி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார்.

"முப்பத்தோரு தடவை நாடகம் பாத்தவன் சொல்றேன், எழுதிக்க. கல்யாணத்தோட கதை முடிஞ்சுது. மங்களம் பாடுவாங்க, நாங்க எழுந்து ஊட்டுக்குப் போவோம். இந்த டைரக்டரு அதுக்கப்புறம் ஒரு கெழவியை எங்கேருந்தோ இட்டுகினு வந்து சாவடிக்கிறான். அந்த நாடகத்துல நடிச்சவங்க யாருனா இங்க இருந்திருந்தா, இவனைச் சும்மா உட்ருக்க மாட்டாங்க!"

கூட்டத்தில் இரண்டு பேர் கை தட்டினார்கள். கஜபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யூசுப்பைப் பெருமையாகப் பார்த்தார்.

பவித்ரா அடுத்து அந்த அம்மாளிடம் மைக்கை நீட்டினாள். "நீங்க நாடகம் பாத்திருக்கீங்களாம்மா?"

"பாத்ததில்லம்மா, நடிச்சிருக்கேன். என் பேரு சாமுண்டீஸ்வரி. இருபது வருஷம் அந்தத் தாய் வேஷம் கட்டினவ நான்தான்." அவர் கஜபதியைப் பார்த்துச் சிரித்தார். "அந்த மங்களம் கனகவேணி கல்யாணத்துக்குப் பாடுறதுங்க. நீங்க எல்லாரும் நாடகமே முடிஞ்சுதுன்னு கெளம்பிப் போயிடுவீங்க. இத்தனை வருஷமும் காலி நாற்காலிங்களுக்கு முன்னாடி பாடிட்டுச் செத்தேன், நான் சாகறதை ஜனங்க உக்காந்து பாத்தது இன்னிக்குத்தான்."