சிலந்தியின் எடை

“எறும்புகூடத் தொடாத பொருளை மனுஷன் தொடலாமா?”

டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார் சிலந்தி. இனிப்புப் பொடியின் முதல் டப்பா வாங்கிய அன்று கொஞ்சம் கொட்டிவிட்டதும், அது ராத்திரி முழுக்கக் கிடந்தும் ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்காததும் அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருந்தது.

“பதினெட்டாவது மாடியில கயித்துல தொங்குறவர், ஒரு ஸ்பூன் பொடிக்குப் பயப்படுறீங்களே. ஆறிப்போகுது, குடிங்க” என்றாள் மனைவி.

சிலந்தி என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடிகளைக் கயிற்றில் இறங்கித் துடைப்பது அவர் தொழில். பெயர் வைத்தபோது ஆள் ஒல்லி. இருபது வருஷத்தில் பெயர் அப்படியே இருக்க, ஆள் மட்டும் பெருத்துவிட்டார்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. நூறு கிலோவைத் தாண்டியவர் கயிற்றில் இறங்கக் கூடாது. இத்தனை நாள் அதை யாரும் கண்டுகொண்டதில்லை. அவரோடு ஜோடியாக இறங்கும் கூட்டாளி பிடி நழுவி மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் மேற்பார்வையாளர் கெடுபிடி காட்டினார். எடை கூடினால் கீழே நின்று கயிறு பார்க்கும் வேலை. சம்பளத்தில் குறைவில்லை. ஆனால் ஊரையே தலைக்கு மேலிருந்து பார்த்துப் பழகியவருக்கு, கீழே நின்று அடுத்தவன் செருப்பின் அடிப்பாகத்தைப் பார்ப்பதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டாளி விழுந்த அன்று மனைவி அழுதாள். போதும், இந்தக் கயிற்று வேலையை விட்டு இறங்கிவிடுங்கள் என்றாள். “நானா எறங்க மாட்டேன்” என்று ஒரே போடாகப் போட்டார். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொன்னால் புரிந்துகொள்கிறவள் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த விபத்துக்குச் சில மாதம் முன்பு, சர்க்கரைக்குப் பதில் இந்தச் செயற்கை இனிப்புப் பொடியைப் போடலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டம்ளருக்கு மூன்று ஸ்பூன் என்று நாளெல்லாம் டீ குடிக்கிறவருக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஆரம்பத்தில் எடை மடமடவென்று இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

அப்புறம் என்ன ஆனதோ, இறங்கின எடை நின்றது. நின்றது ஏறவும் தொடங்கியது. காலையில் நடந்து பார்த்தார், இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். ஒன்றும் அசையவில்லை. சந்தேகம் நேராகப் பொடியின் மேல் போய் உட்கார்ந்தது.

போனைத் திறந்தால், ஒருவர் புற்றுநோய் வரும் என்றார். இன்னொருவர் குடல் கெடும் என்றார். மூன்றாமவர் அதெல்லாம் சும்மா, நன்றாகக் குடியுங்கள் என்றார். டாக்டரிடமே போய்க் கேட்டார். அளவோடு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி உடம்பு இளைக்காது, இனிப்பு ருசியையே கொஞ்சம் மறக்கப் பாருங்கள் என்றார் அவர். சிலந்தி பின்பாதியைப் பிடித்துக்கொண்டார். மனைவி முன்பாதியை விடவில்லை.

“உசுரு மேல உங்களுக்கு அக்கறை வர்றதே இந்த டம்ளரைப் பாத்தாதான்” என்று அவள் சொன்னபோது, எப்போதும்போல் கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தார். வேலைக்குப் போகும்போது பிளாஸ்க் நிறைய டீயும் போட்டுக் கொடுத்தாள். டப்பாவில் ஈரம் பட்டுக் கட்டி தட்டுகிறது என்று பொடியைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, இறுக மூடி வைத்திருந்தாள். இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவளிடம் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்? டீயை எடுத்துக் குடித்துவிட்டுக் கம்பெனியின் எடைப் பரிசோதனைக்குக் கிளம்பினார்.

சட்டையைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினார். மூச்சைப் பிடித்தும் பார்த்தார். நூற்று நான்கு. மேற்பார்வையாளர் வருத்தமாகத் தோளைத் தட்டி, நாளையிலிருந்து கீழே நில்லுங்கள் என்றார். சிலந்தி கயிற்றோடு மாட்டும் இடுப்புப் பெல்ட்டைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் விஷயத்தை மனைவியிடம் சொன்னார். சரி விடுங்க என்று மட்டும் சொல்லி, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அந்தச் சாதாரணக் குரல்தான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“எல்லாம் இந்தப் பொடியால வந்த வினை. டாக்டர் அப்பவே சொன்னார். இதை மொதல்ல குப்பையில கொட்டுறேன்” என்று ஜாடியை எடுக்கக் கை நீட்டியவர், அப்படியே நின்றார்.

ஜன்னல் ஓரத்திலிருந்து சுவரில் இறங்கி, அலமாரிப் பலகையில் வளைந்து, ஜாடியின் மூடிவரைக்கும் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். மாவாக அரைத்திருந்தாலும் நாக்குக்கு அடையாளம் தெரியாதா? அசல் சர்க்கரை.

திரும்பிப் பார்த்தார். அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

“எப்பலேர்ந்து?” என்றார்.

“உங்க கூட்டாளி விழுந்த மறுநாள்லேர்ந்து.”