பொம்மை முற்றம்

முற்றத்து மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் சிரித்தபடி மாட்டுக்கொம்புக் கோப்பையை நீட்டினாள். ஏற்கெனவே இரண்டு பேர் வாய் வைத்து உறிஞ்சிய குழல் அதில் நின்றது. பின்சுவரில் சிவப்பு எழுத்து பளிச்சிட்டது: ‘குழலைப் பகிராதீர்கள். தொண்டை அடைப்பான் பரவுகிறது.’

ரோபுஸ்தியானோ அதைப் படித்தார். படித்துவிட்டுக் கோப்பையை வாங்கி, நிதானமாக உறிஞ்சினார்.

“போச்சு!” என்றான் டெர்லிஸ், கரகரத்த குரலில்.

மாமரம், பெண், சுவர் எல்லாம் அணைந்தன. கண்ணை மூடியிருந்த கனத்த கண்ணாடியைக் கழற்றினார் ரோபுஸ்தியானோ. கையில் ஒன்றுமில்லை. எதிரே ஆய்வுக்கூடம். கணினி முன்னால் டெர்லிஸ், பக்கத்தில் முறைத்தபடி டாக்டர் சுனில்டா.

“பஸ் ஓட்டுறவர்தானே நீங்க, டான் ரோபுஸ்தியானோ? சிவப்பைப் பார்த்தா பிரேக் போட மாட்டீங்களா?” டெர்லிஸ் சிரித்துவிட்டு, தன் கோப்பையில் இருந்த இலைத்தூள்மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றி, குழலால் உறிஞ்சிக்கொண்டான். இந்த வெயிலில் தெரெரே என்ற இந்தக் குளிர்ந்த இலைச்சாறு இல்லாமல் பராகுவேயில் யார் வேலை பார்க்கிறார்கள்?

சுனில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் இருந்த வாசகம் அவள் எழுதியது. சோதனையில் தேறினால்தான் ஊர் ஊராகப் போகும். அவளுடைய அக்கா மகள் தொண்டையில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சுனில்டாவின் சொந்தக் கைக்குழந்தைக்கோ இன்னும் தடுப்பூசி போடும் வயதுகூட வரவில்லை.

“இதுவரைக்கும் வந்த அத்தனை பேரும் வேண்டாம்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் குடிச்சீங்க. எழுத்து புரியலையா?”

“நல்லாவே புரிஞ்சுது டாக்டரம்மா. ஆனா அது பொம்மைதானே? பொம்மை குடுத்தா எனக்கு என்ன வந்துடப் போகுது?”

“பொம்மைகிட்டயே மறுக்க முடியல. நாளைக்கு மச்சான் நீட்டினா மறுப்பீங்களா?”

“மறுத்துட்டுத்தானே இருக்கேன்! டிப்போல ஒருத்தனும் என்கூடப் பேசறதில்ல. ‘பெரிய துரை வந்துட்டாரு’ன்னு நக்கல் வேற. என்ன செய்ய, வீட்ல பேத்தி இருக்கா.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க!” சுனில்டாவின் குரல் உயர்ந்தது. “வாய் ஒண்ணு சொல்லும், கை வேற ஒண்ணு செய்யும். அதைப் பிடிக்கத்தான் இந்த முற்றத்தையே உருவாக்கினோம். கை பொய் சொல்லாது, டான்!”

கத்தியதில் அவளுக்கு நாக்கு வறண்டது. டெர்லிஸ் தினமும் செய்வதுபோல், பக்கவாட்டில் தன் கோப்பையை நீட்டினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கினாள், ஒரே மூச்சில் உறிஞ்சினாள், காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“குறிச்சுக்கோ டெர்லிஸ். இவர் தேறல.”

டெர்லிஸ் இருமிக்கொண்டிருந்தான்.

ரோபுஸ்தியானோ டெர்லிஸின் கோப்பையில் நின்ற குழலைக் கை நீட்டிக் காட்டினார்.

“டாக்டரம்மா... இந்தத் தம்பி பொம்மை இல்லையே!”