இலவசமாக ஒரு மணி நேரம்

நகராட்சிக் கோப்பைப் பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதற்கு மேல் பணம். சாக்கடை மூடியைத் திறந்து போட்டது யாரென்று அறிய, அதில் மகளைப் பறிகொடுத்த சிவகாமு ஐந்தாண்டுகளாக வாரந்தோறும் மனு கொடுக்கிறாள். பார்க்கும் ஒவ்வொரு தாளுக்கும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அவள் எழுத்துக் கூட்டித்தான் போடுவாள்.

இன்று புரட்டிய தாள்களிலெல்லாம் அவள் கையெழுத்தே இருந்தது.

“எல்லாம் என் மனுவால்ல இருக்கு, சார்?”

“நீங்க கேக்குறதும் கோப்புலதானம்மா சேரும்,” என்றார் எழுத்தர் துரைப்பாண்டி.

அடியிலிருந்த, மகள் இறந்த ஆண்டின் பழுப்புத் தாள்களை உருவப் போனாள். அவர் கோப்பின்மேல் கைவைத்தார்.

“வரிசையாத்தான் பாக்கணும். மணி ஆயிட்டும்மா.”

சிவகாமு அடுத்த வார மனுவுக்கு ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள்.