மூவாயிரத்தில் நிற்கும் எண்

நல்லம்பள்ளி வெயில் மின்நிலையக் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியில் காய்கிறது. டர்பைனின் வேகத்தைத் திரைக்குக் கொண்டுவரும் இரண்டு போர்டுகளில் பழுதானது என்று ஒன்றை ஆரோக்கிய பிரவீன் இப்போதுதான் கழற்றி மேசையில் வைத்திருக்கிறான். காலையிலிருந்து தாவிக்கொண்டிருந்த எண் மூவாயிரத்தில் அசையாமல் நிற்கிறது. “பாருங்கக்கா, இனி தாவாதுங்க” என்று சிரிக்கிறான். பொறுப்பு எஞ்சினியர் ஜெயராணி திரைக்கு அருகே குனிந்து பார்க்கிறாள். ஓடுகிற டர்பைனின் எண் ஒன்றிரண்டாவது ஏறி இறங்கத்தான் செய்யும். பெட்டிக்குள் மிச்சமிருக்கும் போர்டில் பச்சை விளக்கு சிமிட்டவில்லை. “டேய், நல்ல போர்டக் கழட்டிட்டியாடா?” திரையில் நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறாள்; அந்தக் கட்டளையும் செத்த போர்டு வழியாகத்தான் போகவேண்டும், எதுவும் நிற்கவில்லை. தரை அதிர, டீ டம்ளர் மேசையில் தானாக நகர்கிறது. கீழே டர்பைன் அருகே நிற்கும் இன்னாசிராஜ் வாக்கிடாக்கியில் கேட்கிறார்: “மேடம், சத்தம் ஒரு மாதிரி ஏறுதுங்க. ஸ்பீடு எவ்வளவுங்க?” வேகம் மிஞ்சினால் டர்பைன் வெடித்துச் சிதறும்; ஓடிடுங்க என்று சொல்ல வாயெடுக்கிறாள். கையால் நிறுத்தும் லீவர் அங்கே, அவருக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது.