பச்சைப் புள்ளி

“வீடு பூட்டிக் கிடக்கு டாக்டரம்மா. நேத்து சாயங்காலமே வேன் பிடிச்சுக் குடும்பத்தோட போயிட்டாவளாம்” என்றார் ஆஸ்பத்திரி அட்டெண்டர் காஜா முகைதீன். பேட்டை வரை சைக்கிள் மிதித்துவிட்டு வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் சித்ரலேகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தேகால். பதினொன்றுக்குச் சென்னையிலிருந்து நிபுணர் வருகிறார். அவருக்குக் காட்ட அவளிடம் இருந்ததே ஒரே ஒரு தலை. அது வேன் ஏறிப் போய்விட்டது.

வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் மருந்து ஒன்றை ஒன்பது மாதமாக அவள் சோதித்து வந்தாள். சோதனைக்குத் தலை கொடுக்க முன்வந்தவர்கள் பதினாலு பேர். பாதிப் பேர் நடுவிலேயே கழன்றுகொண்டார்கள். மருந்துக்கு மேலேயே விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த புண்ணியவான்களும் உண்டு. நன்றாக முளைத்தது மூன்று பேருக்கு. அதில் ஒருவர் பம்பாய்க்கும் இன்னொருவர் துபாய்க்கும் போய்விட, மிஞ்சியவர் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பூதலிங்கம்.

முடியை எண்ணுவதற்கு அடையாளமாக அவர் உச்சந்தலையில் ஒரு பச்சைப் புள்ளி குத்தியிருந்தாள். அதைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு முதல் மாதம் முப்பத்திரண்டு முடி இருந்தது. போன மாதம் இருநூற்றுப் பத்து. எண்ணி முடித்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போட்டோ அனுப்பியும் சென்னையில் அனுமதி கொடுக்கிறவர்கள் நம்பவில்லை. நேரில் எண்ணிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று எழுதிவிட்டார்கள். கையெழுத்து விழுந்தால்தான் அடுத்து பெண்களுக்கும் மருந்து கொடுக்க முடியும். அந்தப் பட்டியலில் முதல் பெயர் உவரி அஞ்சலின். பத்தொன்பது வயதில், முக்காட்டை எடுக்க மாட்டேன் என்று இதே அறையில் அழுத பெண்.

“தைலக் கம்பெனிக்காரன் ஒருத்தன் ரெண்டு நாளா பட்டறை வாசல்ல நின்னானாம்லா. ‘எங்க தைலத்தால முளைச்சதுன்னு சொல்லுங்க’ன்னு கேட்டானாம்” என்றார் காஜா. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பூதலிங்கம் அப்படிப்பட்டவரா? எண்ணெய் கூடாது என்றாள், நிறுத்தினார். கத்தரிக்கோல் படக்கூடாது என்றாள். காது மறைய வளர்த்தார். மருந்து தடவுமுன் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. மருந்தோடு கலக்காத வரை அவளுக்கு அதில் ஆட்சேபமும் இல்லை.

வெள்ளிக்கிழமைகூட போன் போட்டுச் சொன்னாளே. “திங்கக்கிழமை பெரியவரு வாராவ. நம்ம உழைப்பெல்லாம் உங்க தலையிலதான் இருக்கு. ஒரு குறையும் வச்சிராதீங்க அண்ணாச்சி.”

“குறை வைப்பனா டாக்டரம்மா? நீங்க நிம்மதியா இருங்க” என்றார் அவர். நிம்மதியாவது ஒன்றாவது.

நிபுணர் குமரகுருபரன் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்துத் துடைத்தார். சித்ரலேகா காபி வரவழைத்தாள். அது தீர்ந்ததும் இன்னொரு காபி வரவழைத்தாள். ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தாள்.

“எங்கம்மா உங்க தலை?” என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி. “வெறும் காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட நான் இவ்வளவு தூரம் வரலை.”

பதினொன்றே முக்காலுக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. துண்டைக் காது மறைய முண்டாசாக இறுகக் கட்டிக்கொண்டு பூதலிங்கம் குதித்து ஓடி வந்தார்.

சித்ரலேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மழையில் ஒரு முடி நனையக்கூடாது என்று எவ்வளவு அக்கறை! இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

“எங்க போயிட்டீங்க அண்ணாச்சி? எனக்கு உயிரே போயிட்டு.”

“திருச்செந்தூருக்குத்தான் டாக்டரம்மா. ஒரு குறையும் வைக்காதீங்கன்னு நீங்கதான சொன்னீய?” பன்னீர் இலையில் மடித்த விபூதியைப் பயபக்தியோடு நீட்டினார்.

அவளும் வாங்கிப் பூசிக்கொண்டாள். அவள் ஆராய்ச்சிக்காகக் கோயில் வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்படி ஒரு ஆள் கிடைக்க யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

“சரி, துண்டை எடுங்க” என்று லென்ஸோடு எழுந்தார் குமரகுருபரன்.

பூதலிங்கம் நாற்காலியில் பைய உட்கார்ந்து முண்டாசை அவிழ்த்தார். சந்தனம் பூசிய தலை தேய்த்து வைத்த வெண்கலச் செம்பு மாதிரி பளபளத்தது. நட்டநடுவில் பச்சைப் புள்ளி மட்டும் தனியாக இருந்தது.

நிபுணரின் லென்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பூதலிங்கம் கடன் தீர்த்த மனசோடு சித்ரலேகாவைப் பார்த்துச் சிரித்தார்.

“முளைச்சா உனக்கே தாரேன்னு முருகன்கிட்ட நேர்ந்திருந்தேம்லா!”