சட்டையெல்லாம் செதில்

"சட்டையெல்லாம் மீன் செதில்! தடைக்காலத்துல ஆத்துல வலை போட்டீங்களா?"

தாய் வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய மனைவி கத்தினாள். முகத்துவாரக் காவல் குழுவுக்கு அவள்தான் தலைவி. படகுக்காரக் கணவன் தலை குனிந்து நின்றான்.

"முட்டை போடக் கடல்லேருந்து ஏறி வர்ற மீனு! அதுல கை வைக்க எப்படி மனசு வந்துச்சு? ஊருக்குத்தான் உபதேசம்னு நாளைக்கு என்னைப் பேச மாட்டாங்களா? குழுவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். படகைப் பறிச்சாலும் குறுக்க வர மாட்டேன்."

"சரி" என்றான்.

கதவு தட்டும் சத்தம். அணைக் காவலாளி நின்றிருந்தார்.

"இவரைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?"

"கும்பிட்டுட்டுப் போக வந்தேன் அண்ணி! மீன் ஏறுற மதகு ரெண்டு நாளா பூட்டியே கிடக்கு. மீனெல்லாம் அணைச் சுவத்துல முட்டி முட்டிச் செத்துக்கிட்டிருந்துச்சு. அண்ணன்தான் குடம் குடமா அள்ளி அந்தப் பக்கம் விட்டாரு. குழுவுல இந்த வாரம் மதகுச் சாவி யாருகிட்டன்னு கேட்டா மட்டும், தெரியாதுங்கிறாரு."

அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே செருகியிருந்த மதகுச் சாவி விரலில் குத்தியது.